தூக்கு அல்ல, பழக்கம்!

ஹைதராபாத், செகந்திராபாத் நகரங்களுக்குப் பிழைக்க வரும் தமிழர், முதல் சில மாதங்கள் மூன்று மொழிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. கடைத்தெருவில் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் தக்கனி உருது, ஆபீசில் ஆங்கிலம். முதல் இரண்டும் காதில் விழ விழ வந்துவிடும். தவறினாலும் போவது பத்து ரூபாய்தான். ஆபீஸ் ஆங்கிலம் அப்படியல்ல.

புதிதாகச் சேர்ந்த குமாஸ்தாவிடம் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றும் வேலையை ஒப்படைத்த மேலதிகாரி, பத்து நாள் கழித்து, "ஹாவ் யூ காட் தி ஹேங் ஆஃப் இட்?" என்று கேட்கிறார். குமாஸ்தா அறிந்த 'ஹேங்' இரண்டு. ஒன்று, தூக்கில் போடுவது. மற்றொன்று, கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிடுவது. இரண்டாவதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "நோ சார்" என்று பெருமையோடு பதில் சொல்கிறார். மேலதிகாரியின் முகம் சுருங்குகிறது. வேலை நன்றாகத் தெரிந்தவருக்கு, 'பத்து நாளாகியும் பிடிபடாதவர்' என்ற பெயர்! ப்ரொபேஷன் காலத்தில் இந்தப் பெயர் சாதாரணமானதா?

அந்தக் கேள்விக்குப் பொருள், "வேலை பிடிபட்டுவிட்டதா? கை பழகிவிட்டதா?" என்பதே. இங்கே 'ஹேங்' என்பது வினைச்சொல் அல்ல, பெயர்ச்சொல். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பரவிய வழக்கு இது. கோடரி போன்ற கருவியின் தலை, பிடியில் எப்படிப் பொருந்தி நிற்கிறது, அதன் கனம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதே அதன் 'ஹேங்'. அதைக் கை உணர்ந்துகொண்டால் கருவி வசப்படும். பிறகு எல்லா வேலைகளுக்கும் அந்தச் சொல் பொதுவாகியிருக்கலாம் என்பது ஒரு ஊகம்.

நம் பேச்சிலும் இப்படித்தான். தமிழில் 'கைதேர்ந்தவர்' என்கிறோம். தெலுங்கில் 'செய்யி திரிகின', அதாவது கை திரும்பிய என்பார்கள். ஹிந்தியில் 'ஹாத் பைட் கயா', கை உட்கார்ந்துவிட்டது. எல்லா ஊரிலும் தொழில் முதலில் கைக்குத்தான் வருகிறது!

இதைப் பயன்படுத்துவதும் எளிது. கற்றுக்கொண்டிருக்கும்போது, "ஐ ஆம் கெட்டிங் தி ஹேங் ஆஃப் இட்", கற்று முடித்தபின், "ஐ ஹாவ் காட் தி ஹேங் ஆஃப் இட்." ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இது வாய்ப்பேச்சுக்கு உரியது. ஃபைலில் குறிப்பு எழுதும்போதும், விண்ணப்பத்திலும் 'ஃபெமிலியர் வித்' என்று எழுதுவதே மரியாதை.

ஆங்கில ஆசிரியர்களுக்கே பயிற்சி அளிக்க, மத்திய ஆங்கில நிறுவனம் 1958-ல் இந்த ஹைதராபாத்தில்தான் தொடங்கப்பட்டது. 2007-ல் அது மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. கற்பிப்பவர்களுக்கே பயிற்சி தேவைப்படும் மொழியில், நாலு வார்த்தை புரியாமல் போனால் குமாஸ்தா வெட்கப்பட என்ன இருக்கிறது? புரியாதபோது தலையாட்டுவதுதான் ஆபத்து. "பார்டன், சார்?" என்று ஒரு முறை கேட்டுவிட்டால், கெடவிருந்த பெயர் தப்பிவிடும்.

கோடரியானாலும் கம்ப்யூட்டரானாலும் எடுத்துப் புழங்கினால்தான் கை பழகும். மொழியும் அப்படியே.