மார்கழிப் பனியும் மூச்சிழுப்பும்

மழை ஓய்ந்த கையோடு புதுச்சேரி லாஸ்பேட்டைக்குப் பனி வந்துவிடுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஹெலிபேடு மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். காதை மூடிய குல்லாவும் கழுத்தில் மப்ளருமாகப் பெரியவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். பேச்சுக்கு நடுவே இருமல் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

டெல்லிக் குளிரோடு ஒப்பிட்டால் இது குளிரே இல்லை. ஜனவரியில்கூட இங்கே அதிகாலை வெப்பநிலை சுமார் 20, 21 டிகிரி செல்சியஸ்தான். ஆனால் ஆண்டெல்லாம் வெயிலில் பழகிய உடம்பு நம்முடையது. மழையில் ஊறிய சுவர் இன்னும் காயவில்லை, பூஞ்சை பூத்திருக்கிறது. அதன்மேல் பனி, புகை, கொசு. இத்தனையும் ஒரே மாதத்தில் சேர்வதுதான் நமக்குச் சிக்கல்.

விடியற்காலைக் காற்று சுத்தமானதா?

மார்கழி விடியலில் ஓசோன் காற்று இறங்குகிறது, அதைச் சுவாசித்தால் ஆரோக்கியம் என்று பலரும் நம்புகிறார்கள். இது தவறு. தரைமட்டத்து ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல் செய்யும் வாயு. அது வெயில் பட்டு உருவாவதால் விடியற்காலையில் குறைவாகவே இருக்கும்.

உண்மையில் நடப்பது வேறு. காற்று அசையாத பனி இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கீழே தங்க, சூடான காற்று மேலே மூடிபோல் நிற்கும். வண்டிப் புகையும் குப்பை எரித்த புகையும் மேலே போக வழியின்றி நம் மூக்கு உயரத்திலேயே சுற்றும். வெயில் ஏறினால்தான் அது கலையும். அதனால் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் நடைப்பயிற்சியை வெயில் வந்தபிறகு, ஏழு மணிக்குமேல் வைத்துக்கொள்வது நல்லது. வாசல் தெளித்துக் கோலம் போடுகிற ஆயாவுக்கு இழுப்பு இருந்தால், மூக்கையும் வாயையும் ஒரு பருத்தித் துணியால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். போகியன்று டயர், பிளாஸ்டிக் எரிப்பதை விட்டுவிட வேண்டும். அந்தப் புகை அடுத்த வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகிறது.

இன்ஹேலர் பயம்

‘ஒருதரம் பழகினால் விட முடியாது’ என்று சொல்லி இன்ஹேலரைத் தள்ளிப்போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. இன்ஹேலர் போதைப்பழக்கம் இல்லை. இழுப்புக்குக் கொடுக்கும் சால்பூட்டமால் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஓர் அழுத்தத்துக்கு வருவது 100 மைக்ரோகிராம். அளவு மிகக் குறைவு, அதுவும் நேராக நுரையீரலுக்கே போகிறது. இழுப்பு வரும்போது மட்டும் எடுப்பது ஒன்று, வராமல் தடுக்கத் தினமும் எடுப்பது இன்னொன்று. நன்றாக இருக்கிறதே என்று இரண்டாவதை நிறுத்துகிறவர்கள்தான் பனிக்காலத்தில் நள்ளிரவில் மூச்சுத் திணறுகிறார்கள். சிறு குழந்தைகளுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்துக் கொடுக்க வேண்டும்.

குழந்தையின் மூச்சை எண்ணுங்கள்

சளி பிடித்த குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழுதாக ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுவரை என்றால் 40-ம் அதற்கு மேலும் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 என்பது கணக்கு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. கொதிக்கும் பாத்திரத்தின்முன் குழந்தையை உட்காரவைத்து ஆவி பிடிக்கவும் வேண்டாம். சளியைவிடச் சூட்டுக்காயம் பெரிய கொடுமை. பெரியவர்களுக்குச் சுக்குக் காபியும் தூதுவளை ரசமும் தொண்டைக்கு இதம் தரும். அவை மருந்துக்கு மாற்று அல்ல.

வயதானவர்களுக்கு

குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் கூடும். மாத்திரையைத் தவறவிடக் கூடாது. தாகம் எடுக்கவில்லை என்று தண்ணீரைக் குறைக்கவும் கூடாது. ஃபுளூ தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

மழை விட்டுப்போன கொசு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்குமேல் மழை கொட்டியது. அதுபோன்ற மழைக்குப்பின் தெருவெள்ளம் வடிந்துவிடும். மொட்டைமாடித் தேங்காய் மட்டையிலும் ஃபிரிட்ஜின் பின்தட்டிலும் நிற்கும் தண்ணீர் வடியாது. டெங்கு கொசுவுக்கு அது போதும். முட்டை கொசுவாகப் பத்து நாள்கூட ஆகாது. வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். காய்ச்சல் என்றால் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபெனோ வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் டெங்கு ஆபத்தாகும். அப்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் தெரிந்தால் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் ‘பனி இருமல்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். காசநோய்க்குச் சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். லாஸ்பேட்டைக்குப் பக்கத்திலேயே கோரிமேட்டில் அரசு மார்பு நோய் மருத்துவமனை இருக்கிறது.