பிறந்த தேதியும் எலும்பின் வயதும்

எத்துப்பல் என்று ஒரே பெயரால் அழைக்கப்படும் குறைக்குள் இருவேறு நிலைகள் அடங்கியுள்ளன. தாடைகள் இரண்டும் பொருத்தமாக அமைந்து, பற்கள் மட்டும் முன்தள்ளி நிற்பது ஒன்று. கீழ்த்தாடை போதிய அளவு வளராமல் பின்தங்கிவிட்டதால் மேல்வரிசை துருத்தித் தெரிவது மற்றொன்று. முதல் நிலையைக் கம்பி கட்டி எந்த வயதிலும் சீராக்க இயலும். இரண்டாம் நிலைக்கு உரிய கருவியோ, தாடை வளரும் காலத்தில் பொருத்தினால்தான் முழுப் பயன் தரும். ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கிளார்க் 1977இல் உருவாக்கிய 'ட்வின் பிளாக்' அத்தகைய கருவியாகும். மேலும் கீழுமாகப் பொருத்தப்படும் அதன் அக்ரிலிக் கட்டைகளின் சரிந்த முகங்கள், வாய் மூடும்போதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கீழ்த்தாடையை முன்னே கொண்டுவந்து நிறுத்துகின்றன. ஆகவே ஒரு குழந்தையின் வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பல் சீரமைப்பு மருத்துவர் முதலில் அறிந்தாக வேண்டும்.

இதற்குப் பிறப்புச் சான்றிதழ் உதவுவதில்லை. பெண்களுக்கு வளர்ச்சி வேகம் ஆண்களைவிட ஏறத்தாழ இரண்டாண்டு முன்னதாக உச்சம் பெறுகிறது என்பது பொதுவிதி; ஆனால் ஒரே வகுப்பில் படிக்கும் இரு சிறுவர்களிடையே கூட இந்த உச்சம் இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பின்னாக அமையக்கூடும். எனவே மருத்துவர்கள் எலும்பின் முதிர்ச்சியை நேரடியாகப் பார்க்கிறார்கள்.

கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது இதில் பழைய முறை. நடுவிரலின் நடுக்கணு எலும்பை மட்டும் உற்றுநோக்கினாலே போதுமான செய்தி கிடைக்கும். வளரும் வயதில் அவ்வெலும்பின் அடியில் மெல்லிய தட்டுப் போன்ற சிறுதுண்டு ஒன்று தனித்து நிற்கும். அதற்கும் எலும்புத் தண்டுக்கும் இடையிலுள்ள குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் பதியாததால், அவ்விடம் கருங்கோடாகத் தெரியும். தொடக்கத்தில் தண்டைவிடக் குறுகலாக இருக்கும் அத்தட்டு, தண்டின் அகலத்தை எட்டும்போது வளர்ச்சி வேகமெடுக்கும் காலம் நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். டப்பா மூடியின் விளிம்பு கவிந்து இறங்குவதுபோல் தட்டின் ஓரங்கள் தண்டைத் தழுவும்போது உச்சம் வந்துவிட்டது அல்லது அண்மையில் கடந்துவிட்டது. கருங்கோடு மறைந்து இரண்டும் ஒன்றாகிவிட்டால் வளர்ச்சியின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. கட்டைவிரலின் அடிமூட்டருகே எள்ளளவில் தோன்றும் ஒரு சிற்றெலும்பும் உச்சம் நெருங்குவதற்கு அறிகுறியாகும். மேலைநாட்டு மருத்துவமும் அதனை எள்ளின் பெயராலேயே அழைக்கிறது.

இத்தகைய படங்களை ஒப்பிட உலகெங்கும் பயன்படும் கிரூலிக்–பைல் படத்தொகுப்பு 1950இல் வெளிவந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், 1930களிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் வசதியான குடும்பங்களில் வளர்ந்த குழந்தைகளின் எக்ஸ்ரேக்களே அதற்கு அடிப்படை. அந்த அளவுகோலை ஐதராபாத்தின் குழந்தைக்கு அப்படியே பொருத்திவிட முடியுமா என்பது மிக நியாயமான கேள்வி. குன்னூரில் தொடங்கி 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உணவுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருவதால், இக்கேள்விக்கு இந்நகரில் தனிப்பொருள் உண்டு. 1987 முதல் 1990 வரை நகரையடுத்த 29 கிராமங்களில் நடந்த ஆய்வில், ஒரு பகுதிக் கிராமங்களின் கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் நாள்தோறும் உப்புமா வகை உணவு கூடுதலாக வழங்கப்பட்டது. அக்குழந்தைகள் 13 முதல் 18 வயதை எட்டியபோது அளந்ததில், அவ்வுணவு கிடைக்காத கிராமங்களின் பிள்ளைகளைவிடச் சராசரியாக 14 மில்லிமீட்டர் உயரமாக இருந்தனர். இளமையில் உண்ட உணவு எலும்பில் இப்படிப் பதிவதோடு, ஊட்டக்குறை எலும்பின் முதிர்ச்சியையும் தாமதப்படுத்துகிறது. அப்சல்கஞ்ச் அரசு பல் மருத்துவமனைக்கு ஒரு கிராமத்துச் சிறுவனும் வசதியானவர்கள் வாழும் ஜூபிலி ஹில்ஸ் பகுதிச் சிறுவன் ஒருவனும் ஒரே நாளில் வந்தால், இருவருக்கும் 13 வயது நிறைந்திருப்பதை மட்டும் வைத்து ஒரே முடிவை எடுப்பது, அவர்களில் ஒருவனுக்கேனும் அநீதியாக முடியக்கூடும்.

இன்று பெரிதும் கையாளப்படும் முறை கழுத்தெலும்பைப் பார்ப்பதாகும். பல் சீரமைப்புக்காக எப்படியும் எடுக்கப்படும் பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயிலேயே கழுத்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் முள்ளெலும்புகள் பதிந்துவிடுவதால், குழந்தை மீண்டும் ஒருமுறை கதிர்வீச்சுக்கு ஆளாக வேண்டியதில்லை. லாம்பார்ஸ்கி 1972இல் தொடங்கிவைத்த இம்முறையை, பச்செட்டி, பிராங்கி, மெக்னமாரா ஆகியோர் 2005இல் ஆறு நிலைகளாகச் செப்பனிட்டனர். குழந்தைப் பருவத்தில் இவ்வெலும்புகளின் அடிவிளிம்பு தட்டையாக இருக்கும். பின்னர் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றும் குழியத் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் எலும்புகள் குழிந்து நான்காவது இன்னும் தட்டையாக இருக்கும் நிலையே, பின்தங்கிய கீழ்த்தாடைக்குக் கருவி பொருத்தத் தகுந்த காலம். ஆயினும் ஒரே படத்தை இரு மருத்துவர்கள் வெவ்வேறு நிலையாகப் படிப்பதுண்டு என்பதால், இதைத் தனிச்சான்றாகக் கொள்ளாமல் பிற அடையாளங்களோடு சேர்த்தே முடிவு செய்வது நல்லது.

முந்திக்கொள்வதிலும் பெரும்பயன் இல்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில், எத்துப்பல்லுக்கு எட்டு ஒன்பது வயதிலேயே தொடங்கிய சிகிச்சையும், வளரிளம் பருவத்தில் ஒரே கட்டமாகச் செய்த சிகிச்சையும் இறுதியில் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன; முன்பற்கள் அடிபட்டு உடைவது மட்டுமே முன்கூட்டிய சிகிச்சையில் குறைந்தது. மேல்தாடை பின்தங்கிய குழந்தைக்கோ கணக்கே வேறு: முகத்துக்கு வெளியே அணியும் இழுவைக் கருவியைப் பத்து வயதுக்குள் தொடங்குவதே சிறப்பு. தாடை அறுவைக்கோ, இதற்கு மாறாக, வளர்ச்சி முற்றிலும் ஓயும்வரை காத்திருக்க வேண்டும்.

மகள் பூப்பெய்திவிட்டாளா என்று பல் மருத்துவர் கேட்கும்போது தாய்மார்கள் தயங்குவதுண்டு. அக்கேள்வி மிகவும் தேவையானது. ஏனெனில் பெண்ணின் உயர வளர்ச்சி உச்சத்தைத் தொட்ட சுமார் ஓராண்டுக்குப் பின்னரே பூப்பு நிகழ்கிறது. சடங்கெல்லாம் முடியட்டும் என்று காத்திருக்கும் குடும்பம், தாடை வேகமாக வளர்ந்த காலத்தை அறியாமலே கடந்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கொரு முறை பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவரும் வீட்டில், கோடுகளுக்கிடையே திடீரென விரியும் இடைவெளி அக்காலத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்த அளவுகளை எழுதிக் கொண்டுவந்தால் மருத்துவர் அவற்றையும் எக்ஸ்ரேயோடு வைத்துப் பார்க்கலாம்.