சாக்கடை ஆக்கியவர்களே ஆறாக்கித் தந்தார்கள்

ஜெர்மனியின் மேற்கே, டோர்ட்முண்ட் நகருக்குக் கிழக்கில் ஹோல்ட்ஸ்விக்கெடெ என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு பழைய பண்ணை வீட்டு வளாகத்தில் எம்ஷர் ஆறு ஊற்றெடுக்கிறது. மேற்கு நோக்கி 80 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி ரைன் நதியில் கலந்துவிடுகிறது. சின்ன ஆறுதான். 200 ஆண்டுகளுக்கு முன் அதன் கரையில் சுரங்கங்கள் இல்லை. நிலம் தட்டையானது. சரிவு போதாததால் ஆறு நெளிந்து நெளிந்து போனது. வெள்ளக் காலத்தில் இரு கரையும் சதுப்பாகிவிடும். அந்தச் சதுப்புக் காட்டில் காட்டுக் குதிரைகள் திரிந்தன. அவற்றைப் பிடித்து வந்து கிராங்கே என்ற ஊரில் சந்தை கூட்டி விற்றார்கள். குதிரைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போயின. சந்தை மட்டும் நிற்கவில்லை. ஹெர்னே நகரில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் கிராங்கே திருவிழாவுக்கு இன்றும் பல லட்சம் பேர் வருகிறார்கள்.

குதிரைகளை விரட்டியது நிலக்கரி. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் எம்ஷர் பள்ளத்தாக்கு முழுவதும் சுரங்கங்கள் திறந்தன. அவற்றைச் சுற்றி உருக்காலைகளும் கரி சுடும் ஆலைகளும் எழுந்தன. வேலை தேடி வந்த குடும்பங்களால் சிற்றூர்களெல்லாம் சில பத்தாண்டுகளில் நகரங்களாயின. அத்தனை பேருடைய கழிவும், சுரங்கத்திலிருந்து இறைத்த உப்பு நீரும், ஆலைக் கழிவும் எம்ஷரில்தான் விழுந்தன. இன்னொரு கேடும் சேர்ந்துகொண்டது. அடியில் கரி எடுக்க எடுக்க மேலே நிலம் தாழ்ந்தது. ஏற்கெனவே சரிவு போதாத ஆறு இப்போது ஓடவே வழியின்றித் தேங்கியது. குடியிருப்புகளுக்கு நடுவே கழிவுநீர் குளம் கட்டி நின்றது. காலராவும் டைபாய்டும் வந்தன.

நகராட்சிகள் தனித்தனியே எதுவும் செய்ய முடியவில்லை. மேலூர்க்காரன் வெட்டிவிடும் கழிவு கீழூர்க்காரன் வாசலில் நிற்கும். அதனால் 1899 டிசம்பரில் நகரங்கள், சுரங்க நிறுவனங்கள், ஆலைகள் எல்லாம் ஒன்றுகூடி எம்ஷர் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கின. ஆற்றின் வடிநிலம் முழுவதும் அதன் பொறுப்பு. எந்த நகராட்சியின் எல்லைக் கோடும் அதைக் கட்டுப்படுத்தாது. யார் எவ்வளவு கழிவு விடுகிறார்களோ அந்தக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னால் நடந்த நல்லதற்கெல்லாம் வேர் இதுதான்.

ஆனால் அந்த அமைப்பு எடுத்த முதல் பெரிய முடிவு ஆற்றைக் கொன்றது. இந்த வட்டாரத்தில் மூன்று ஆறுகள் ஏறக்குறைய இணையாக மேற்கே ஓடுகின்றன. தெற்கே ரூர், நடுவில் எம்ஷர், வடக்கே லிப்பெ. ரூர் ஆறு குடிநீருக்கு, எம்ஷர் கழிவுக்கு என்று பிரித்தார்கள். கழிவைக் குழாயில் புதைத்திருக்கலாமே என்று இன்று நமக்குத் தோன்றும். நிலம் ஓயாமல் தாழ்ந்துகொண்டிருந்த இடத்தில் புதைத்த குழாய்கள் உடைந்துவிடும். அடியில் கசிவதை யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. திறந்த வாய்க்கால் என்றால் உடைந்த இடத்தைப் பார்த்து உடனே சரிசெய்யலாம். ஆகவே நெளிவுகளையெல்லாம் வெட்டி ஆற்றை நேராக்கினார்கள். அடியில் கான்கிரீட் பலகைகளைப் பதித்தார்கள். கிளை ஓடைகளுக்கும் இதே கதிதான். நிலம் மேலும் தாழவே, ரைனில் கலக்கும் இடத்தையே வடக்கே தள்ள வேண்டியதாயிற்று. 1910இல் ஒருமுறை, 1949இல் மறுமுறை என்று முகத்துவாரம் இரண்டு தடவை இடம் மாறியது.

நோய் கட்டுக்குள் வந்தது. அதை மறந்து அந்தத் தலைமுறைப் பொறியாளர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. எனினும் அங்கே வாழ்ந்தவர்கள் கொடுத்த விலை பெரிது. கரை நெடுக வேலி போட்டு, உயிருக்கு ஆபத்து என்று பலகை வைத்தார்கள். வழுக்கும் கான்கிரீட் சரிவில் விழுந்தவர் ஏறி வருவது கடினம். பிள்ளைகளை அந்தப் பக்கமே போகாதே என்று சொல்லி வளர்த்தார்கள். கோடையில் நாற்றம் தாங்காது சன்னலை அடைத்துக்கொண்டு இருந்தார்கள். ஏறத்தாழ 100 ஆண்டுகள், மூன்று நான்கு தலைமுறைகள், ஆற்றங்கரையில் பிறந்தும் ஆற்றைத் தொடாமல் வாழ்ந்து முடித்தார்கள்.

இதே வட்டாரத்தில்தான் ஜெர்மனியின் வட்டாரத் திட்டமிடலே பிறந்தது. எஸ்ஸன் நகர அதிகாரி ராபர்ட் ஷ்மிட் 1912இல் ஒரு விரிவான அறிக்கை எழுதினார். ஆலை நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து மூச்சுவிட இடமில்லாமல் போவதற்குள், நகரங்களுக்கு இடையே பசுமைப் பட்டைகளைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்றார். 1920இல் அதற்கென்றே ஒரு கூட்டமைப்பு உருவாயிற்று. இன்றைய ரூர் வட்டாரக் கூட்டமைப்பு அதன் வழிவந்ததுதான். அவர்கள் காத்த வடக்கு-தெற்குப் பட்டைகளில் பல இன்றும் இருக்கின்றன. 1970களில் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஐந்து பெரிய வட்டாரப் பூங்காக்களும் வந்தன. ஆனால் அந்தப் பசுமைப் பட்டைகளைக் குறுக்கே இணைத்திருக்க வேண்டிய எம்ஷர் மட்டும் எல்லாத் திட்டங்களிலும் சாக்கடையாகவே இருந்தது.

திருப்பம் துயரத்திலிருந்து வந்தது. 1950களின் இறுதியிலிருந்தே சுரங்கங்கள் மூடத் தொடங்கின. 1980களில் உருக்காலைகளும் வரிசையாக நின்றுபோயின. 1985இல் டூயிஸ்பர்க் நகரின் மைடரிஷ் இரும்பாலை, 1986இல் எஸ்ஸனின் சோல்ஃபெரைன் சுரங்கம் என்று பெயர்பெற்றவை அணைந்தன. அப்பாவும் தாத்தாவும் வேலை பார்த்த இடம் பூட்டிக் கிடந்தது. விஷம் ஊறிய நிலத்தை வாங்க ஆள் இல்லை. 1989இல் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநில அரசு பத்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சர்வதேசக் கட்டடக் கண்காட்சி, எம்ஷர் பூங்கா என்று பெயர். கண்காட்சி என்றாலும் பந்தல் போட்டுப் பிரிப்பது அன்று; பள்ளத்தாக்கையே திருத்தி அமைக்கும் வேலை. 17 நகரங்கள் சேர்ந்தன. தலைமை ஏற்றவர் கார்ல் கான்சர்.

கான்சர் ஒரு பிரம்மாண்ட வரைபடத்தைப் போட்டு எல்லாரையும் அதன்படி நடக்கச் சொல்லவில்லை. நகரங்களும் நிறுவனங்களும் பொதுமக்களும் யோசனை கொண்டுவரட்டும், தரமானவற்றைப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுப்போம், அரசுப் பணம் அங்கே போகட்டும் என்றார். அப்படி ஏறக்குறைய 120 பணிகள் நடந்தன. ஆலைகளை இடிக்காதே என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. பலருக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. துருப்பிடித்த கொதிகலனைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்டார்கள்.

மைடரிஷ் இரும்பாலை பதில் சொன்னது. அதை இடிக்கக் கூடாது என்று உள்ளூர் மக்களே முதலில் குரல் கொடுத்தார்கள். நிலப்பரப்பு வடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் போட்ட திட்டம் தேர்வாகி, 1994இல் ஏறக்குறைய 180 ஹெக்டேர் பரப்பில் பூங்கா திறந்தது. லாட்ஸ் ஊதுலைகளை அப்படியே நிற்கவிட்டார். அவற்றில் ஒன்றின் உச்சிவரை படியேறிப் போகலாம். ரைன் நதி வரை தெரியும். தாதுக் கிடங்குகளின் தடித்த சுவர்களில் மலையேற்றச் சங்கத்தார் பயிற்சி செய்கிறார்கள். பழைய வாயுத் தொட்டியில் சுமார் 2 கோடி லிட்டர் நீரை நிரப்பி ஆழ்நீர் மூழ்கும் பயிற்சிக்கு விட்டிருக்கிறார்கள். வார்ப்புக் குழிகளில் கிடந்த 49 இரும்புத் தகடுகளை எடுத்து ஒரு திறந்த சதுக்கத்துக்குத் தரையாகப் பதித்தார்கள். மிக மோசமாக நஞ்சேறிய மண்ணைப் பழைய கிடங்குகளுக்குள் அடைத்து மூடினார்கள். மற்ற இடங்களில் தானாக முளைத்த பிர்ச் மரங்களை வளரவிட்டார்கள். ஒரு காலத்தில் அந்த உலைகளில் வேலை பார்த்தவர்களே வழிகாட்டிகளாகி, வந்தவர்களுக்கு வேலை நடந்த விதத்தைச் சொன்னார்கள். எனக்கு இந்தப் பூங்காவின் மிகப் பெரிய பெருமை இதுதான். அவர்கள் வியர்வை சிந்திய இடம் அவமானச் சின்னமாகாமல் அவர்களுடைய நினைவாகவே நின்றது. எம்ஷரின் பழைய கால்வாய் ஒன்று பூங்காவுக்குள்ளேயே ஓடுகிறது. கழிவை அடியில் குழாயில் விட்டு, மேலே மழைநீர் ஓடும்படி செய்தார்கள். ஆறு முழுவதற்கும் பின்னால் செய்யவிருந்ததன் சிறு ஒத்திகை அது.

ஓபர்ஹவுசனில் 117 மீட்டர் உயர வாயுக் கலம் கண்காட்சி அரங்கமாயிற்று. 1999இல் கலைஞர் கிறிஸ்டோ அதனுள்ளே 13,000 எண்ணெய்ப் பீப்பாய்களால் ஒரு சுவர் எழுப்பினார். அதே ஆண்டு தொழில் மரபிடங்களை இணைக்கும் 400 கிலோமீட்டர் சுற்றுலாப் பாதை திறந்தது. 2001இல் சோல்ஃபெரைன் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது.

இத்தனையும் நடந்தபோது ஆற்றில் இன்னும் கழிவுதான் ஓடிக்கொண்டிருந்தது. எம்ஷர் பகுதியில் கரி எடுப்பது குறைந்து, நிலம் தாழ்வதும் ஓயத் தொடங்கிய பிறகே குழாய் புதைக்கும் யோசனைக்கு உயிர் வந்தது. 1990களின் தொடக்கத்தில் அதே கூட்டுறவு அமைப்பு, தான் கட்டிய கான்கிரீட்டைத் தானே பெயர்க்க முடிவு செய்தது. முதலில் புதிய சுத்திகரிப்பு நிலையங்கள். பிறகு டோர்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாகன் வரை, ஆற்றுக்கு இணையாக 51 கிலோமீட்டர் நீள நிலத்தடிக் கழிவுநீர்ச் சுரங்கம். கழிவு தானாக ஓட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒன்றரை மீட்டர் சரிவு தேவை. அந்தக் கணக்கில் போனால் கடைசியில் 70 மீட்டருக்கும் கீழே போய்விடும். அதனால் கெல்சன்கிர்ஷன், பொட்ராப், ஓபர்ஹவுசன் ஆகிய மூன்று இடங்களில் பம்பு நிலையம் வைத்து மேலே ஏற்றுகிறார்கள். அப்படியும் ஆழம் சில இடங்களில் 40 மீட்டர். 30 ஆண்டு உழைப்பு, சுமார் 550 கோடி யூரோ. 2021இன் இறுதியில் எம்ஷரில் கழிவு விழுவது நின்றது. 2022இல் ரைனோடு கலக்கும் இடத்தைச் சுமார் 20 ஹெக்டேர் வெள்ளச் சமவெளியாக விரித்தார்கள். முன்பு ஆறு ஒரு செங்குத்துத் தடுப்பிலிருந்து ரைனுக்குள் குதித்தது. மீன் ஏற வழியில்லை. இப்போது ஏறலாம்.

இன்று கரையோரம் சைக்கிள் பாதை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போகிறது. வேலி போன இடங்களில் பிள்ளைகள் ஓடைக்கு அருகே விளையாடுகிறார்கள். கரிக் கழிவு மலைகளில் புல் முளைத்திருக்கிறது. பொட்ராப்பில் அப்படி ஒரு குன்றின் உச்சியில் 1995இல் நிறுவிய இரும்பு முக்கோணக் கோபுரத்தில் ஏறினால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். டோர்ட்முண்டில் 2001இல் மூடிய உருக்காலையைப் பிரித்து சீனாவுக்குக் கப்பலேற்றினார்கள். அந்த இடத்தில் 24 ஹெக்டேர் ஏரி வந்தது. அழகான ஏரி, பக்கத்திலேயே எம்ஷர் தெளிந்து ஓடுகிறது. ஆனால் கரையில் எழுந்த வீடுகளைப் பழைய உருக்காலைத் தொழிலாளியின் பிள்ளைகளால் எளிதில் வாங்க முடியாது. ஆற்றைச் சீரமைக்கும் திட்டத்தில் வீட்டு வாடகையையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. கெல்சன்கிர்ஷன் இன்றும் ஜெர்மனியில் வேலையின்மை மிகுந்த நகரங்களில் ஒன்று. சுரங்கம் தந்த வேலைக்குச் சுற்றுலா ஈடாகவில்லை. தாழ்ந்த நிலமும் திரும்ப உயராது. எம்ஷர் வடிநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, பம்பு நின்றால் நீரில் மூழ்கும். கரி எடுத்தது சுமார் 150 ஆண்டு. பம்பு ஓட வேண்டியது என்றென்றைக்கும்.

நம்மவர்களுக்கும் இந்த நிலத்தோடு தொடர்பு உண்டு. 1980களில் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர் பலர் இந்த வட்டாரத்து நகரங்களில்தான் குடியேறினார்கள். அதன் கிழக்கு விளிம்பில், லிப்பெ ஆற்றங்கரை நகரமான ஹம்மில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலைக் கட்டி 2002இல் குடமுழுக்குச் செய்தார்கள். அம்மனுக்குத் தீர்த்தவாரி நடப்பது கரிக் கப்பல்களுக்காக வெட்டிய டாட்டெல்ன்-ஹம் கால்வாயில். அந்தக் கால்வாய்த் தொடர் மேற்கே நீண்டு எம்ஷருக்குப் பக்கத்திலேயே ரைன் வரை போகிறது.

தேர்த் திருவிழாவுக்கு ஹம் போகும் நம் மக்கள் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிட வேண்டாம். ரயிலில் அரை மணி நேரத்துக்குள் டோர்ட்முண்ட். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் எம்ஷர் கரையில் நடந்து பாருங்கள். அங்கிருந்து மேற்கே மைடரிஷ் பூங்காவுக்கும் போகலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது, இரவும் பகலும் திறந்திருக்கும்.