தோணியின் அடிவயிற்றில் ஒரு பகல்

முக்கூடல்காரனுக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும்? சின்ன வயசில் தாமிரபரணியில் கட்டிப்பிடித்து மிதந்த வாழைத்தண்டுதான் எனக்குத் தெரிந்த ஒரே கப்பல். அதனால் தூத்துக்குடியில் கரையேற்றியிருந்த ஒரு பழைய தோணிக்கு அடியில் குனிந்து நுழைந்தபோது வாயைப் பிளந்துவிட்டேன். தலைக்கு மேலே முழு வயிறு! கடலில் போகும்போது மீன்கள் மட்டும் பார்க்கிற பாகம்!

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சோழகக் காற்றுக் காலம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சிமெண்டும் காய்கறியும் சுமந்த தோணிகளுக்கு அப்போதுதான் ஓய்வு. ஆட்களுக்கு ஏது? பாய் இழுத்த கைகளே இப்போது சுரண்டுகின்றன, செதுக்குகின்றன, தேய்க்கின்றன. வரைபடம் என்று ஒரு தாள்கூடக் கிடையாது. கப்பல் தச்சரான ஓடாவி ஒற்றைக் கண்ணை மூடி அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, பார்த்தால் முடிந்தது, அளவு எடுத்தாயிற்று.

நான் சொக்கிப்போனது கலப்பத்து வேலையில்தான். பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கிலிருந்து பழைய பஞ்சைக் கறுப்பு நூடுல்ஸ் மாதிரி இழுத்து எடுக்கிறார்கள். புதுப் பஞ்சைத் திரித்து, உளியை வைத்து, கொட்டாப்புளியால் டொக், டொக், டொக். முதலில் மொத்தையாகக் கேட்ட சத்தம் போகப்போகக் கணீரென்று மாறுகிறது.

“கேட்டுச்சா தம்பி? இனி இது பஞ்சுக்கு இடம் கொடுக்காது” என்றார் ஓடாவி. கடைசியில் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூச, கோயிலும் தச்சுப்பட்டறையும் கலந்த வாசனை. எனக்கும் ஒரு சாண் இடுக்கு கொடுத்தார்கள். கட்டைவிரலைத்தான் அடித்துக்கொண்டேன். “அண்ணாச்சி, நான் எழுதவே போறேன்” என்று எழுந்துவிட்டேன்.

ஒரு பழைய பலகையைக் கழற்றியதும் இன்னொரு ஆச்சரியம். உள்ளே சல்லடை! மரத்தைத் துளைக்கும் கடற்புழுவின் கைவரிசை. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பிக்கு உறவுக்காரன்.

மேலே ஏறினால் வேறு உலகம். டீசல் என்ஜின், ஜி.பி.எஸ்., வயர்லெஸ். காற்றை மட்டும் நம்பி ஓடிய காலம் போய்விட்டது. ஆனாலும் அரசாங்கத் தாளில் இந்த ரகத்துக்கு இன்றும் ‘மெக்கனைஸ்டு செயிலிங் வெசல்’ என்றுதான் பெயர். பாயைக் கழற்றி எறிந்துவிடவும் இல்லை. டீசல் விலையைப் பார்த்தால் காற்று சும்மா வருகிறதே! ஜி.பி.எஸ். பெட்டியை ஒட்டியே சாமி படமும் காய்ந்த மாலையும். யார் யாருக்கு வழி காட்டுகிறார்களோ.

பாய்க்கப்பல் மீதான பைத்தியம் நம் ஊரோடு நிற்கவில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’யை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். யாழ்ப்பாணத்துத் தமிழ் மாலுமிகள் ஓட்டிப்போக, அது 1938இல் மாசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது.

தூத்துக்குடி துறைமுகமானதில் எங்கள் தாமிரபரணிக்கும் பங்கு உண்டு. வண்டல் கொட்டிக் கொட்டிக் கொற்கையிலிருந்து கடலைத் தள்ளிவிட்டது. அடுத்து மார்க்கோ போலோ பார்த்த காயல், அதையும் தூர்த்தது. பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் நல்லபிள்ளையாக நடந்து, கடைசியில் புன்னைக்காயலில் கடலோடு இந்த வம்பு!

சரி, தோணியை எப்போது இறக்குவீர்கள், இறக்கினால் ஒழுகாதா? கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். ஒழுகுமாம்! வெயிலில் காய்ந்த பலகை தண்ணீர் குடித்து ஊதி, இடுக்கை இறுக்கும்வரை கசியத்தான் செய்யுமாம். அதுவரை ராத்திரியும் பகலும் ஆள் மாற்றி ஆள் தண்ணீர் இறைக்க வேண்டும்.

“அதுக்கு விரல் நல்லா இருக்கணும் தம்பி, ஆறிடுச்சுன்னா வாங்க” என்றார் ஓடாவி.