தோல் முதல் துறைமுகம் வரை: உற்பத்தித் தொழிலில் வழங்கல் திட்டம்

ஒரு பொருளைச் செம்மையாகச் செய்ய வல்லவர் எல்லாரும் அதனை உரிய நாளில் கொண்டு சேர்க்க வல்லவர் அல்லர். செய்தல் கைத்திறன், சேர்த்தல் திட்டத்திறன். மூலப்பொருள் புறப்படும் இடம் முதல் வாங்குவோர் கையை அடையும் இடம் வரையுள்ள கண்ணிகள் அனைத்தையும் ஒருங்கே நோக்கி, எது, எவ்வளவு, எப்பொழுது, எங்கே வேண்டும் என முன்னரே வரையறுப்பதை வழங்கல் சங்கிலித் திட்டமிடல் என்பர் மேலாண்மை இயலார்.

இதற்கு நம் கண்முன் உள்ள சான்று ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத் தோல் தொழிலாகும். 1970களில் கச்சாத்தோல், பாதி பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதிக்கு நடுவண் அரசு கட்டுப்பாடு விதித்தபின், முழுமைத் தோலும் காலணியும் செய்யும் ஆலைகள் இங்குப் பெருகின. தோலை விற்ற காலத்தில் சங்கிலி குறுகியதாய் இருந்தது. காலணியை விற்கும் காலத்தில் அது நீண்டது. நீண்ட சங்கிலிக்கு நினைவாற்றல் மட்டும் போதாது, கணக்கு வேண்டும்.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். அரசர்க்கு உரைத்த அம்மூன்றும் ஆலையாளர்க்கும் பொருந்துவனவே.

வலியறிதல்

10,000 இணை காலணிகளுக்கு ஓர் ஆணை வந்ததாகக் கொள்வோம். இணைக்கு இரண்டு சதுர அடி மேல்தோல் எனில் 20,000 சதுர அடி தேவை. ஆட்டுத்தோல் ஒன்று ஐந்து சதுர அடி தருமாயின் 4,000 தோல்கள். ஐந்தில் ஒன்று தரத்தேர்வில் கழியும் எனில் வாங்க வேண்டியவை 5,000. நாடா கோக்கும் ‘ஐலெட்’ வளையம் ஒரு காலணிக்குப் பத்து என்றால் இரண்டு இலட்சம் வளையங்கள் வேண்டும். எத்தனை இணை விற்கும் என்பதை முன்கூட்டி ஊகித்தல் தகும். எத்தனை வளையம் தேவை என்பதை ஊகிக்கலாகாது, கணக்கிட வேண்டும். இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டே ஜோசப் ஆர்லிக்கி 1975இல் மூலப்பொருள் தேவைத் திட்டமிடல் பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

வளையம் மலிவான பொருள். எனினும், அது வந்து சேராவிடில் விலையுயர்ந்த தோலும், தைத்த கைகளின் உழைப்பும் முடங்கிக் கிடக்கும். சங்கிலியின் வேகத்தை வகுப்பது விலைமிக்க கண்ணி அன்று; பிந்தி வரும் கண்ணியே.

ஆலையின் வலியையும் இவ்வாறே அளக்க வேண்டும். பதனிடும் உருளைகள் எத்தனை என்பது மட்டும் அளவாகாது. பாலாற்று மாசு குறித்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆலை நடத்த இயலாது என்னும் நிலை அதனால் உறுதிப்பட்டது. ஆகவே, சுத்திகரிப்பு நிலையம் ஏற்கும் நீரின் அளவே உற்பத்தியின் உச்ச வரம்பு. அதனை மறந்து ஒப்புக்கொள்ளும் ஆணை, ஆற்றுக்கும் ஊருக்கும் செய்யும் தீங்காகும்.

காலமறிதல்

அனுபவமற்றவர் இன்றிலிருந்து நாளெண்ணுவர். திட்டமிடுவோர் இறுதிநாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவர். சரக்கு செப்டம்பர் 1இல் ஹாம்பர்க்கில் இருக்க வேண்டும் எனக் கொள்வோம். கடற்பயணத்துக்கும் துறைமுகப் பணிகளுக்கும் ஐந்து வாரம். வெட்டுதல், தைத்தல், அச்சிலேற்றுதல், பெட்டியிடுதல் ஆகியவற்றுக்கு மூன்று வாரம். சாயமேற்றி முடிக்க மூன்று வாரம். கச்சாத்தோல் வாங்கி முதற்பதம் செய்ய இரண்டு வாரம். ஆக 13 வாரம், அதாவது 91 நாள். தொடங்க வேண்டிய நாள் ஜூன் 2. ஜூன் நடுவில் ஆணை உறுதியானால், தொடங்கும் முன்னரே நாம் பிந்தியவராவோம்.

கடல்வழியும் மாறாதது அன்று. 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ என்னும் கப்பல் சூயசுக் கால்வாயை ஆறு நாள் அடைத்தது. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியபின், கப்பல்கள் பல நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பயணம் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை நீண்டது. ஐந்து வாரம் ஏழானது. சில நாள்களை ஒதுக்கி வைத்திராத திட்டம் திட்டமன்று, விருப்பமே.

கச்சாத்தோலுக்கும் காலம் உண்டு. ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி ஓரிரு நாள்களில் தோல் பெருந்திரளாக வந்து குவிகிறது. உடனே உப்பிடாவிட்டால் கோடை வெம்மையில் அது கெட்டுவிடும். ஹிஜ்ரீ ஆண்டு பத்துப் பதினொரு நாள் முந்துவதால் அப்பருவமும் நகர்கிறது. 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. உப்பும், பணமும், கிடங்கும், ஆளும் அந்நாளுக்கு முன்பே அணியமாக இருத்தல் வேண்டும். ஆங்கில நாட்காட்டி ஒன்றையே மாட்டி வைத்திருக்கும் ஆலை இங்கே தவறும்.

இடனறிதல்

ஆணை வருமுன் இருப்பு வேண்டும். மிகுந்தால் பணம் முடங்கும். எனவே, சங்கிலியின் எந்த இடத்தில் இருப்பு வைப்பது என்பதே வினா. காலணியாகச் செய்து வைத்தால் அளவும் நிறமும் மாறும்போது விலைபோகாது. உப்புத்தோலாகவே வைத்தால் காலம் மிச்சமாகாது. குரோமிய உப்பால் பதனிட்ட ‘வெட் புளூ’ என்னும் ஈர நீலத்தோல் இடைநிலை. உலராமலும் பூசணம் பிடிக்காமலும் காத்தால் அது மாதக்கணக்கில் நிற்கும். நிறம் இன்னும் முடிவாகாததால் கருப்போ பழுப்போ எதுவாகவும் ஆக்கலாம். அதனைக் கையில் வைத்திருப்பவர்க்கு 13 வாரம் 11 வாரமாகச் சுருங்கும். பொருள் பல உருவாகப் பிரியும் கவட்டுக்குச் சற்று முன்னே இருப்பு வைப்பதே நன்று என்பது எல்லா உற்பத்திக்கும் பொருந்தும் விதியாகும்.

நிறைவுரை

திட்டம் தவறினால் கடல்வழி செல்ல வேண்டிய சரக்கை வானூர்தியில் ஏற்ற வேண்டும். ஊதியம் போக எஞ்சிய ஆதாயத்தை அக்கட்டணம் விழுங்கிவிடும். அதற்கு முன், காலணி ஆலைகளில் பெரும்பான்மையராய் உழைக்கும் பெண்கள் ஒரு வாரம் வேலையின்றி இருந்து, மறுவாரம் இரவு வரை தைக்க நேரும். தோல் தந்த சிறு பதனிடுவோர்க்குப் பணம் தள்ளிப்போகும். பிழை செய்தவர் ஒருவர், சுமப்பவர் பலர்.

ஆகவே, கணக்குப் பதிவேடோ கணிப்பொறியோ மட்டும் திட்டமாகாது. தாமதத்தை மறைக்காமல் அறிந்த அன்றே அடுத்த கண்ணிக்குச் சொல்லும் நேர்மையும் அதில் அடங்கும். மறைத்த செய்தி ஒரு நாள் பிழையை ஒரு மாதப் பிழையாக்கும். வணிகத்தில் புகவிருக்கும் மாணவர்கள் இதனைக் கற்றுச் செல்வார்களாயின், அவர்தம் வாக்கும் சரக்கும் ஒரே நாளில் சென்று சேரும்.