லேசில் கோபப்படாதவர்

சட்டென்று சீறுகிறவரை ‘அவருக்கு மூக்குக்கு மேலே கோவம்’ என்று நம் ஊர்களில் சொல்வார்கள். பழைய எபிரேயரும் கோபத்தை மூக்கில்தான் வைத்தார்கள். மூக்கைக் குறிக்கும் ‘அஃப்’ என்ற சொல்லே அவர்களிடம் கோபத்துக்கும் பெயர். மூக்கு எரிந்தது என்றால் கோபம் மூண்டது என்று பொருள். யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில் மோசேக்கு முன் கடவுளின் குணங்கள் அறிவிக்கப்படும்போது வரும் ஒரு தொடரை அப்படியே தமிழில் வைத்தால் ‘மூக்கு நீண்டவர்’ என்றாகும். சூடான மூச்சு வெளியே வர நேரம் பிடிக்கும், அவ்வளவு பொறுப்பவர் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். கிறிஸ்துவுக்கு முன்பே அதைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள் மூக்கை விட்டுவிட்டு, நெடிய மனமுடையவர் என்ற பொருளில் ஒரு சொல்லை வைத்தார்கள். தமிழில் 1871ஆம் ஆண்டுத் திருத்தம் ‘நீடிய சாந்தம்’ என்றது. கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியம் ‘சினம் கொள்ளத் தயங்குபவர்’ என்றது. சேலத்தை எடுத்துக்கொண்டால், அங்கே லண்டன் மிஷனரி சங்கம் பணி தொடங்கியது 1827இல். அந்த வழிவந்த சபைகளில் முதல் வாசகமும், கத்தோலிக்க ஆலயங்களில் இரண்டாவதும் ஒலிக்க, ஒரே ஊரில் ஒரே வசனம் இரண்டு முகங்களோடு நிற்கிறது.

இரண்டுமே எனக்கு நிறைவு தரவில்லை. ‘சாந்தம்’ என்ற சொல்லில் கோபம் அடியோடு மறைந்துவிடுகிறது. ஆனால் இரண்டே அதிகாரம் முன்பு, பொன் கன்றுக்குட்டியைச் செய்தவர்கள்மீது இதே கடவுளுக்குக் கோபம் மூண்டிருக்கிறது. அதை மறந்துவிட்டால் 34ஆம் அதிகாரத்தின் ஆறுதலும் பாதியாகிவிடும். ‘தயங்குபவர்’ என்பதில் கோபம் மிஞ்சுகிறது. கூடவே, முடிவெடுக்கத் தெரியாதவரின் சாயலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘அவர் லேசில் கோபப்படமாட்டார்’ என்று பேச்சுத் தமிழில் ஒரு வாக்கியம் இருக்கிறது. கோபம் உண்டு, எளிதில் வராது, வந்தால் அதற்குக் காரணம் இருக்கும் என்ற மூன்றும் அதில் அடக்கம். வேதத்தின் கோபத்தைப் பெயர்ப்பவர் சூட்டின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. யார், யார்மீது, எதற்காகக் கோபப்படுகிறார் என்று பார்த்தே சொல்லை எடுக்க வேண்டும்.

இதில் சிக்கல் பழையது. மதுரையிலிருந்து புறப்பட்ட தத்துவ போதகர் ராபர்ட் டி நொபிலி, 1623இல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் வடசொற்களைத் தாராளமாக எடுத்துக் கிறிஸ்தவத் தமிழை உருவாக்கினார்கள். ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழில் ஒன்று ‘கோபம்’. கடவுளுக்கு மூள்வதும் ‘கோபம்’. குழந்தை விடவேண்டிய குற்றமாகப் படிக்கும் சொல்லே ஆண்டவரின் செயலுக்கும் வந்தால், கேட்பவர் மனதில் ஒன்றின் கறை மற்றொன்றில் படியும். அதைத் தவிர்க்கத்தானோ என்னவோ, வேதத்தைப் பெயர்த்தவர்கள் பல இடங்களில் ‘உக்கிரம்’ சேர்த்தார்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வீடு உண்டு. நாமக்கல் மலையைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டில் அதியர் எடுத்த குடைவரையில் இரணியனின் மார்பைப் பிளக்கும் நரசிம்மர் இருக்கிறார். ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மனுக்குக் கூழும் வேப்பிலையும் கொண்டுபோகிறவர்களுக்கு உக்கிரம் என்றால் தணிக்க வேண்டிய வெப்பம். இதனால் விவிலியத்தின் பொருள் கெடுகிறது என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நரசிம்மரின் உக்கிரம் காரணமற்ற சீற்றமல்ல. ஒரு குழந்தையைக் கொல்லத் துணிந்த தகப்பன்மீது எழுந்தது. விதவையையும் அநாதையையும் ஒடுக்கினால் கோபம் மூளும் என்று யாத்திராகமம் 22ஆம் அதிகாரம் எச்சரிப்பதும் அதே திசையில்தான். வேறுபாடு தணியும் வழியில் இருக்கிறது: தீர்க்கதரிசிகளின் கடவுள் வழிபாட்டைவிட நியாயத்தையே கேட்கிறார்.

தமிழ் மரபும் கோபத்தை இப்படித்தான் எடைபோட்டது. எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றான வெகுளிக்குத் தொல்காப்பியம் சொல்லும் காரணங்கள் நான்கு: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொலை. நான்கும் அநீதி. திருக்குறளின் ‘வெகுளாமை’ அதிகாரமோ துறவறவியலில் வருகிறது. தன் கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குபவனையே அது முதலில் மெச்சுகிறது. எளியவன்மீது பாயும் கோபமும் எளியவனுக்காக எழும் கோபமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கடவுளுக்கு உணர்ச்சிகளே கிடையாது, ஆகவே கோபம் என்றால் தண்டனை என்றே எழுதிவிடலாம் என்று ஒரு வாதம் உண்டு. ‘கோபாக்கினை’ என்ற பழைய சொல் கோபத்தோடு ஆக்கினையைச் சேர்த்தது அந்தப் பக்கம் சாய்ந்துதான். ஆக்கினை மட்டும் மிஞ்சினால் நீதிமன்றத் தீர்ப்புதான் இருக்கும். ஒடுக்கப்பட்டவரின் வயிற்றெரிச்சலோடு சேர்ந்து எரிகிறவர் இருக்கமாட்டார். இன்னொரு வாதம் வலுவானது: இடத்துக்கு இடம் சொல்லை மாற்றினால் மொழிபெயர்ப்பாளர் உரையாசிரியர் ஆகிவிடுவாரே! ஆகத்தான் செய்கிறார், தப்ப வழியில்லை. குர்ஆனின் முதல் அத்தியாயக் கடைசி வசனத்தில் ‘கோபத்துக்கு ஆளானவர்கள்’ என்று மட்டுமே அரபு சொல்கிறது. யாருடைய கோபம் என்ற சொல் அங்கே இல்லை. தமிழ் மொழிபெயர்ப்புகள் சில அடைப்புக்குறியிட்டு ‘உன்’ என்று சேர்க்கின்றன. அடைப்புக்குறி நேர்மையானது, வாசகருக்கு எது மூலம், எது விளக்கம் என்று தெரிகிறது.

மத்தேயு 5ஆம் அதிகாரத்தில்தான் எனக்குப் பெரிய குறை. சகோதரன்மீது கோபம் கொள்வதைக் கொலைக்குப் பக்கத்தில் வைக்கிறார் இயேசு. பிற்காலக் கிரேக்கப் பிரதிகளைப் பின்பற்றிய 1871 வாசகத்தில் ‘நியாயமில்லாமல்’ என்ற சொல் உண்டு. மிகப் பழைய பிரதிகளில் அது இல்லாததால் 1995 பதிப்பில் நீங்கியது. அது சரியே. ஆனால் பழைய வாசகத்தில் உள்ள ‘கோபித்துக்கொள்பவன்’ என்ற சொல், பத்திரிகை வைக்கவில்லை என்று மச்சான் கோவிச்சுக்கிட்டுப் போவதையே இன்று நினைவூட்டுகிறது. கிரேக்க வினையோ தொடர்ந்து நடப்பதைக் குறிக்கும் வடிவில் நிற்கிறது. மனதில் வைத்துக்கொண்டு திரிகிறவனை நம் பேச்சு ‘கறுவிக்கிட்டிருக்கான்’ என்று சொல்லும். அந்த இடத்தில் நான் வைக்க விரும்பும் சொல் அதுதான்: சகோதரன்மேல் கறுவிக்கொண்டிருக்கிறவன்.