விலங்கு மிதவைவாழிகளின் நாளாந்த உணவு ஒழுங்கு

விலங்கு மிதவைவாழிகளின் நாளாந்த உணவு ஒழுங்கு என்பது, கடல்நீரில் மிதந்து வாழும் சிறு விலங்குகள் உண்ணும் உணவின் அளவு 24 மணி நேரத்திற்குள் கூடிக் குறைவதைக் குறிக்கும். பல இனங்கள் இரவில் மிகுதியாகவும் பகலில் குறைவாகவும் உண்கின்றன. கோபிபோடு எனப்படும் நுண்ணிய ஓட்டுடலிகளில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது.

காரணம்

இவற்றின் உணவான தாவர மிதவைவாழிகள், வெயில் படும் மேல்மட்ட நீரில் பெருகுகின்றன. ஆனால் பகலில் அங்கு மீன்கள் கண்ணால் பார்த்து இரை பிடிக்கும். குடல் நிறைந்த கோபிபோடு நிறத்தால் எளிதில் தென்படும். எனவே பல இனங்கள் பகலில் ஆழத்தில் தங்கி, இருட்டியபின் மேலேறி உண்கின்றன. இடம்பெயராத சில இனங்களும் இரவிலேயே அதிகம் உண்கின்றன.

அளவிடும் முறை

குடலிலுள்ள பச்சையத்தின் ஒளிர்வை அளந்து, உண்ட அளவு கணிக்கப்படுகிறது. வெப்பமான நீரில் குடல் விரைவில் காலியாவதால், சில மணி நேரத்திற்கு ஒருமுறை இரவும் பகலும் மாதிரி எடுக்க வேண்டும்.

பாதிக்கும் காரணிகள்

* ஒளி: நிலவொளியும் செயற்கை விளக்கொளியும் மேலேறுவதைத் தடுக்கக்கூடும்.
* வெப்பநிலை: ஓர் எல்லை வரை உண்ணும் வேகத்தைக் கூட்டும்; அதைக் கடந்தால் குறைக்கும்.
* உணவின் அளவு: பசி மிகுந்தால் சில இனங்கள் பகலிலும் உண்ணும்.
* ஓதம்: ஆழம் குறைந்த கழிமுகங்களில் நீரோட்டமும் கலங்கலும் ஒழுங்கை மாற்றும்.

எண்ணூர் முகத்துவாரம்

வடசென்னையில் கொசத்தலை ஆறு வங்காள விரிகுடாவில் கலக்கும் எண்ணூரில் இக்காரணிகள் ஒன்றுசேர்கின்றன. இங்கு காமராசர் துறைமுகமும் அனல்மின் நிலையமும் உள்ளன. வடகிழக்குப் பருவமழை உப்புத்தன்மையைக் குறைக்கிறது. 2017 சனவரி 28 அன்று துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கடலில் கலந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. எண்ணெய் கலந்த நீரில் கோபிபோடுகள் உண்பது குறைவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

முக்கியத்துவம்

மீன் குஞ்சுகளுக்கும் இறால் இளம் உயிரிகளுக்கும் கோபிபோடுகள் இரையாகின்றன. அவை உண்பது குறைந்தால் முட்டையிடுவதும் குறையும். அதன் விளைவு மீனவரின் வலை வரை எட்டும். பகலில் மேல்நீரில் மட்டும் எடுத்த மாதிரி, அடியில் தங்கியிருப்பவற்றைத் தவறவிடும். ஆகவே மாசின் பாதிப்பை மதிப்பிட இரவு மாதிரிகளும் இன்றியமையாதவை.